கேம்பர் வேனில் சோலார் போட்டா ஏசி ஓடுமா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

சோலார் பேனலுக்கான ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வேனுக்குள் கட்டில், அடுப்பு வைத்து ஊர் சுற்ற நினைப்பவர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் பெரிய செலவு பேனலில் இல்லை, பேட்டரியில். அதற்கு இன்னும் 18 சதவீத வரி.

ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்ட் தேவை?

வீட்டு மின்கட்டண யூனிட்டிலேயே பார்ப்போம். 12 வோல்ட் சின்ன ஃபிரிட்ஜ் நாளொன்றுக்கு சுமார் அரை யூனிட். 30 வாட் ஃபேன் பத்து மணி நேரம் ஓடினால் 0.3 யூனிட். லைட், போன், லேப்டாப் எல்லாம் சேர்த்து 0.2. மொத்தம் ஒரு யூனிட்.

100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் (எல்எஃப்பி) பேட்டரியில் சுமார் 1.28 யூனிட் நிற்கும். அதே அளவு சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டே இருந்தால் ஆயுள் குறையும், எடையும் அதிகம். கூரையில் 400 வாட் பேனல் இருந்தால் நல்ல வெயில் நாளில் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலேயே கிடைக்கும். கணக்கு சரியாகிவிட்டது.

அப்போ ஏசி?

ஒரு டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு சுமார் ஒரு யூனிட் இழுக்கும். விட்டு விட்டு ஓடினாலும் ஓர் இரவுக்கு நான்கு யூனிட்டாவது வேண்டும். அதாவது நான்கு பேட்டரி, மூன்று நான்கு மடங்கு பேனல். சாதாரண வேன் கூரையில் அதற்கு இடமே கிடையாது. போதாததற்கு, வெயிலுக்கு பயந்து மர நிழலில் வண்டியை நிறுத்தினால் பேனலும் வேலை செய்யாது! 'ஏசி தாராளமா ஓடும் சார்' என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

உண்மையான ஆபத்து எங்கே?

வயரில். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு வீட்டில் இழுப்பது 9 ஆம்பியருக்கும் குறைவு. அதையே 12 வோல்ட் பேட்டரியில் இன்வெர்ட்டர் வைத்து ஓட்டினால், பேட்டரி வயரில் 165 ஆம்பியருக்கு மேல் பாயும். வீட்டு வயரிங் பழக்கத்தில் மெல்லிய வயர் போட்டால் சூடேறி உருகும், தீப்பிடிக்கும். மேடு பள்ளத்தில் குலுங்கிக் குலுங்கி இணைப்பு தளர்ந்தாலும் இதே கதிதான். தடித்த காப்பர் கேபிள் வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். பட்ஜெட் இடித்தால் பேனலில் ஒன்றைக் குறையுங்கள், இதில் கை வைக்காதீர்கள்.

மழை, மேகம் என்றால், ஓடும் இன்ஜினில் இருந்து டிசி-டிசி சார்ஜர் வழியாக பேட்டரியை நிரப்பலாம். ஊட்டியில் உறைபனி கொட்டும் ஜனவரி அதிகாலையில் ஒரு கவனம்: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது.

கூரையில் துளை போடும் முன்

ஆர்சி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எனவே முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள். சொல்லாமல் மாற்றிய வண்டியில் தீப்பிடித்தால் கிளெய்ம் சிக்கலாகும்.