தமிழில் வரும் வழுவைச் சொல்லித் தாருங்கள்

வடமராட்சி வாழ் மக்களுக்கும், இங்கிருந்து போய் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு நாள்தோறும் ஊருக்குச் செய்தி அனுப்பும் எம்மவர்க்கும் பருத்தித்துறையில் இருந்து இதை எழுதுகிறோம். நிரலை எவரும் திறந்து பார்க்கக்கூடிய திறந்த மூலச் செய்திச் செயலிகளில் தமிழுக்கு வரும் வழுக்களைத் தேடி, சோதித்து, உரிய இடத்தில் அறிவிக்கும் சிறு தன்னார்வக் குழு நாங்கள். பணம் கேட்கவில்லை. கைத்தொலைபேசியில் தமிழ் ஒழுங்காக வராதபோது எரிச்சலோடு குரல்பதிவுக்கு மாறிவிடுகிறோமே, அப்படி மாறுமுன் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாக எழுதித் தாருங்கள் என்றே கேட்கிறோம். வழு நீக்குவதில் பெரும்பங்கு வேலை நிரல் எழுதுவதில் இல்லை. அந்த வழு எந்தத் தொலைபேசியில், எந்தப் பதிப்பில், எதைச் செய்தபின் தலைகாட்டுகிறது என்று பிடிப்பதில்தான் இருக்கிறது. அது பாவனையாளருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவர் வாய் திறக்காதவரை, நிரலாளரைப் பொறுத்தமட்டில் அப்படியொரு வழுவே இல்லை.

திறந்த மூலச் செய்திச் செயலியான சிக்னலில் நடந்ததைப் பாருங்கள். ஒருவருக்கு அனுப்பிய படத்தோடு, தான் அனுப்பாத வேறு படங்களும் போய்ச் சேர்ந்ததாக 2020 டிசெம்பரில் அன்ட்ரொய்ட் பாவனையாளர் ஒருவர் அச்செயலியின் பொது வழுப்பட்டியலில் எழுதினார். அந்தரங்கம் காப்பதற்கென்றே பெயரெடுத்த ஒரு செயலிக்கு இதைவிட மோசமான கோளாறு இருக்க முடியாது. ஆனாலும் திருத்தம் 2021 ஜூலையில்தான் வந்தது. மிக அரிதாக நிகழும் ஒன்றை வேண்டும்போது வரவழைத்துப் பார்ப்பது எளிதல்ல. வேறு சிலரும் தங்களுக்கு நேர்ந்ததை அதே இடத்தில் எழுதினார்கள். கடைசியில் காரணம் பிடிபட்டது. நீண்ட உரையாடல்களில் பழைய செய்திகளைத் தானாகவே கழித்துவிடும் வசதியை இயக்கி வைத்திருந்தவர்களிடம், மிக அபூர்வமாக, தரவுத்தளத்தில் ஏற்கெனவே பயன்பட்ட ஒரு பதிவெண் இன்னொன்றுக்கு மறுபடி வழங்கப்பட்டிருக்கிறது. எண் மாறியதால் படமும் ஆள் மாறிப் போனது. எண்ணைத் திரும்பக் கொடுக்காதே என்று தரவுத்தளத்துக்குச் சொல்வது சின்ன வேலை. அதுதான் காரணம் என்று அறிவதற்கு ஏழு மாதம் போயிற்று.

ஆங்கிலத்தில் புழங்கும் பல கோடிப் பேர் இருந்தும் ஏழு மாதம் என்றால், தமிழில் மட்டும் வரும் வழுவின் கதி என்ன? 'ஸ்ரீ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். எழுத்துகளுக்கு எண் வழங்கும் நியமமான யுனிகோட்டில் அதை ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தை வைத்தும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். உங்கள் விசைப்பலகை ஒன்றைத் தர, கனடாவில் இருக்கும் மச்சானின் விசைப்பலகை மற்றதைத் தந்தால், அவர் அனுப்பிய செய்தியில் ஸ்ரீதரன் என்ற பெயரைத் தேடும்போது செயலி கையை விரித்துவிடும். 'கொ' என்பதும் அப்படியே: கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். இவை இரண்டும் ஒன்றே என்று யுனிகோட் விதி சொல்கிறது; விதியைக் கவனியாத செயலி இரண்டு சொல்லாகவே எண்ணும். திரையில் வரும் அறிவித்தலில் இடம் போதாமல் செய்தியை வெட்டும்போது எழுத்துக்கும் அதன் குறிக்கும் நடுவே வெட்டினால், 'போகாதே' என்பது 'போகாத' என்று நின்றுவிடும். இவற்றை ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கும் ஒருவர் எந்தக் காலத்திலும் காணப்போவதில்லை. (பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கடிதத்தை ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக வருவது செயலியின் குற்றமல்ல. அதைத் தயவுசெய்து எங்களிடம் கொண்டுவராதீர்கள்.)

நாங்கள் எல்லோரும் பாவிப்பது வட்ஸ்அப்தானே, திறந்த மூலம் எங்களுக்கு எதற்கு என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வட்ஸ்அப்பின் மறைகுறியாக்கம் சிக்னலின் திறந்த நெறிமுறையை அடியொற்றியது. 2016இல் அது எல்லாப் பாவனையாளருக்கும் வந்தது. அன்ட்ரொய்ட்டிலும் குரோமிலும் பயர்பொக்ஸிலும் தமிழ் எழுத்துகளைக் கோத்துத் தருவது ஹார்ப்பஸ் என்ற திறந்த மூல நிரல். அங்கே ஒரு தமிழ் வழு திருத்தப்பட்டால் அதன் பயன் ஒரு செயலியோடு நிற்பதில்லை. மூடிய நிரலில் நிலைமை வேறு. 2018 பெப்ரவரியில் தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்று செய்தியாக வந்தாலே ஐபோன் செயலிகள் செயலிழந்தன. வங்காளத்திலும் தேவநாகரியிலும் இதே கோளாறு உண்டு என்பதை வெளியாட்கள் எழுத்துகளை மாற்றி மாற்றிச் சோதித்துத்தான் ஊகித்தார்கள். நிரலைத் திறந்து பார்க்கும் வழி அவர்களுக்கு இருக்கவில்லை. அப்பிள் நிறுவனம் விரைவாகவே திருத்தியது, உண்மை. உலகம் முழுவதும் செய்தியாகிப்போன கோளாறு அது. தேடலில் அகப்படாத ஸ்ரீதரனுக்காக எந்த நிறுவனமும் அப்படி ஓடிவராது.

நிரலைத் திறந்து வைத்தால் கள்ளனுக்கும் வழி தெரியுமே என்பது இன்னொரு கேள்வி. மூடி வைத்த நிரலிலும் கள்ளன் நுழைந்திருக்கிறான்: 2019இல் வட்ஸ்அப் அழைப்பில் இருந்த ஓட்டை வழியாக, அழைப்பை எடுக்காதவர்களின் தொலைபேசியிலும் பெகசஸ் உளவு மென்பொருள் ஏற்றப்பட்டது; ஏறத்தாழ 1,400 தொலைபேசிகள் இலக்கானதாக வட்ஸ்அப் நிறுவனமே வழக்கில் சொன்னது. அதற்காகத் திறந்த நிரல் தன்பாட்டில் தூய்மையானது என்று நாங்கள் சொல்லமாட்டோம். இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த நிரலில் இருந்த ஹார்ட்பிளீட் ஓட்டை ஏறத்தாழ இரண்டு வருடம் எல்லோர் கண்முன்னும் கிடந்து, 2014 ஏப்ரலில்தான் வெளிப்பட்டது. திறந்திருப்பது வேறு, பார்ப்பதற்கு ஆள் இருப்பது வேறு. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலுக்குள் திட்டமிட்டு ஒளித்து வைத்த கள்ளவழியைக் கண்டவர் அன்ட்ரஸ் பிரொயிண்ட் என்ற பொறியியலாளர். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகப் போகிறதே என்று அவருக்குப் பட்டது. தேர்ந்த நிரலாளர்தான், ஆனால் முதலில் நடந்தது அந்தக் கவனிப்பு. அதன்பின் நிரலைத் திறந்து பார்க்க முடிந்ததால் காரணமும் கிடைத்தது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை என்று ஒதுங்கவும் நமக்கு நியாயமில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் காணாமற் போனவர்களைப் பதியவும் நிவாரணத்தை ஒருங்கிணைக்கவும் இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா என்ற திறந்த மூல மென்பொருள், மறுவருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2010இல் ஹெயிட்டியிலும் பயன்பட்டது.

அறிவிக்கும் முறையில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். 'இயந்திரம் நிக்குது' என்று மட்டும் சொன்னால் படகு திருத்துபவரால் என்ன செய்ய முடியும்? கரையிலா கடலிலா, சூடேறிய பிறகா என்று அவர் கேட்பார். 'தமிழ் உடையுது' என்பதும் அவ்வளவுதான். தொலைபேசியின் வகை, அன்ட்ரொய்ட் பதிப்பு, செயலியின் பதிப்பு, எந்த விசைப்பலகை, எதைத் தட்டினீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, திரும்பச் செய்தாலும் வருகிறதா என்பவற்றைத் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் மாற்றுவதும் மறுபடி சோதிப்பதும் எங்கள் பொறுப்பு. வீட்டுக் கதை வெளியே போகும் என்று தயங்குபவர்கள், உண்மைச் செய்திக்குப் பதிலாகப் பொய்ச்செய்தி ஒன்றைத் தட்டி அதே வழுவை வரவழைத்துப் படம் பிடியுங்கள். பெயரும் எண்ணும் தெரியும் பகுதியை வெட்டிவிடுங்கள். வேறொருவரின் செய்தியோ படமோ உங்களிடம் வந்துவிட்டது போன்ற பாதுகாப்பு வழுவாகத் தோன்றினால், முகநூலில் போடாமல் எங்களிடம் தனியே சொல்லுங்கள். செயலியை எழுதுபவர்கள் திருத்தும்வரை அதை நாங்களும் வெளியே விடமாட்டோம். உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் இதை மாணவருக்கு ஒரு செய்முறையாகவே கொடுக்கலாம். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய தொலைபேசிகளும் எங்களுக்கு வேண்டும். புதிய தொலைபேசி வைத்திருக்கும் நிரலாளருக்குத் தெரியாத வழுக்கள் அவற்றில்தான் இருக்கின்றன. தரும்போது சிம் அட்டையைக் கழற்றி, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தாருங்கள்.