கல்வராயன் மலையில் விருந்தளிப்பவர் யார்?

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாக மலையேறும் சாலையில் விடுமுறை நாட்களில் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. பெரியார் அருவியில் ஒரு குளியல், மேகம் அருவிப் பக்கம் ஒரு நடை, கரியாலூரில் படகுச் சவாரி, பிள்ளைகளுக்குப் பூங்கா. இருட்டுவதற்குள் எல்லோரும் கள்ளக்குறிச்சிக்கோ சேலத்துக்கோ இறங்கிவிடுகிறார்கள். கோடையில் விழாவும் நடக்கிறது. துறைவாரியாக அரங்குகள், மேடையில் கலைநிகழ்ச்சிகள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக வசதியில்லாத குடும்பங்களுக்கு இந்த மலை கிடைத்திருப்பது நல்ல விஷயம். அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் காலையில் ஏறி மாலையில் இறங்கும் இந்தப் பயணத்தில் மலையின் மனிதர் ஒருவரோடாவது பத்து நிமிடம் உட்கார்ந்து பேச இடமிருக்கிறதா என்று பார்த்தால், இல்லை. அருவிக்குப் பலகை இருக்கிறது. அருவிக்குப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்களைப் பற்றிப் பயணியிடம் சொல்ல யாரும் இல்லை.

அவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். மாநிலத்தின் பட்டியல் பழங்குடிகளில் இவர்களே மிகப் பெரிய குழு. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று அண்ணன் தம்பிகளின் வழி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூவரும் வெவ்வேறு மலைகளுக்குப் போனார்களாம். கரிராமன் என்ற தெய்வத்தைப் பின்தொடர்ந்து வந்ததாகச் சொல்வார்கள். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. வரலாற்றாசிரியர்கள் இதை எப்படி எடைபோட்டாலும், நாங்களும் ஓரிடத்திலிருந்து வந்து இந்த மண்ணைத் திருத்திக் குடியேறியவர்கள் என்ற நினைவை ஒரு சமூகம் இத்தனை காலம் பேணி வைத்திருப்பது சிறிய காரியமல்ல.

அந்தச் சகோதரர்களுக்குப் பின்னும் மலைக்கு ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். கடுக்காய்க்கும் தேனுக்கும் புளிக்கும் வியாபாரிகள் வந்தார்கள். தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும் என்பதால் அதற்கு எப்போதும் கிராக்கி. கணக்கெடுக்கவும் அளக்கவும் வெள்ளைக்கார அதிகாரிகள் வந்தார்கள். மலைமக்களுக்கு மேலே மூன்று ஜாகீர்கள் இருந்தன: சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஜாகீர்கள். கிருஷ்ணதேவராயர் காலத்து மானியம் என்பது மரபு. ஏருக்கு இவ்வளவு, குடிக்கு இவ்வளவு என்று வரி. அதன் மேல் கூலியில்லா உழைப்பு. 1948இல் சென்னை மாகாணம் ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. சமவெளியில் ஜமீன்கள் ஒவ்வொன்றாக முடிவுக்கு வந்தன. இந்த மலையில் ஜாகீர் ஆட்சி 1976 வரை நீடித்தது. நாடு விடுதலையடைந்து இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் கல்வராயன் மலையை அரசு நேரடியாகக் கையில் எடுத்தது. இன்று கரியாலூரிலும் வெள்ளிமலையிலும் இருக்கும் முதியவர்கள் தம் இளமையில் ஜாகீர்தாரின் குடிகளாக இருந்தவர்கள். அருவிக்குப் போகும் நாம் கடந்து செல்வது அவர்களுடைய வாசல்களைத்தான்.

பக்கத்து மலையான சேர்வராயனைப் பாருங்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் அங்கே காப்பி கொண்டுவந்தார். ஏற்காடு வளர்ந்தது, பங்களாக்கள், பள்ளிகள், ஏரி, கோடை வாசம் எல்லாம் வந்தன. அங்கிருந்த மலையாளிகளோ தோட்டங்களுக்கு நடுவே ஒதுங்கினார்கள். பலர் அதே மண்ணில் கூலிகளானார்கள். ஏற்காட்டுக்குப் போய்வரும் பயணிகளில் எத்தனை பேருக்கு அந்த மலையின் பழங்குடியைப் பற்றி ஒரு வரி தெரியும்? ஜாகீரின் பிடியில் இருந்த கல்வராயன் அந்த வழியில் போகவில்லை. அந்தப் பிடிக்கு மக்கள் கொடுத்த விலை அதிகம், ஆனால் மலை துண்டு துண்டாக எஸ்டேட்டுகளுக்குப் போகவில்லை. இப்போது சுற்றுலா என்ற பெயரில் அது நடந்துவிடக் கூடாது.

ஜாகீர் போன பிறகாவது நிலம் உழுதவன் கைக்கு வந்ததா என்றால், அதுவும் அரைகுறைதான். பெரும்பகுதி வனத்துறையின் பொறுப்புக்குப் போயிற்று. 2006இல் வன உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. காட்டு நிலத்தில் பரம்பரையாக உழுதுவரும் பழங்குடிக்கு உரிமைப் பட்டா, கிராம சபைக்குச் சமூக உரிமை என்று அது தெளிவாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் வழக்குகளால் பல ஆண்டுகள் அது முடங்கிக் கிடந்தது. இதற்கிடையே சாமையும் தினையும் விளைந்த நிலத்தில் மரவள்ளி ஏறியது. கிழங்கு ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. விலை விழுந்தால் ஆட்கள் வெளியூருக்குப் போகிறார்கள். சிலர் செம்மரம் வெட்ட ஆந்திரக் காடுகளுக்கும் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பக்கத்துச் சித்தேரி மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது கல்வராயன் மலையின் பெயர் நாடெங்கும் அடிபட்டது, கள்ளச்சாராயம் காய்ச்சும் மலை என்ற ஒரே அடையாளத்தோடு. அதன் பிறகுதான் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியமும் சி. குமரப்பனும் தாமாக முன்வந்து இம்மக்களின் நிலையை வழக்காக எடுத்து, சாலை, பள்ளி, மருத்துவம் பற்றி அரசிடம் கேள்வி கேட்டார்கள். ஒரு மலையின் மக்களைப் பற்றிப் பேச அத்தனை சாவுகள் தேவைப்பட்டது நம் எல்லோருக்கும் தலைகுனிவு.

மலையின் மக்களே விருந்தளிப்பவர்களாக முடியுமா என்று யோசிக்கும்போது தொலைவில் உள்ள ஒரு நாட்டை நினைத்துக்கொள்கிறேன். மங்கோலியாவில் மக்களில் கால் பங்குக்கும் மேற்பட்டோர் இன்றும் மேய்ச்சலை நம்பி வாழ்கிறார்கள். கெர் எனப்படும் அவர்களது வட்டக் கூடாரத்துக்குள் வழிப்போக்கர் யார் நுழைந்தாலும் உப்பிட்ட பால் தேநீர் தருவது மரபு. வலக்கையால் வாங்க வேண்டும், நிலைப்படியை மிதிக்கக் கூடாது என்று விருந்தினருக்கும் ஒழுங்கு உண்டு. 1930களின் இறுதியில் அந்நாட்டின் பௌத்த மடங்கள் நூற்றுக்கணக்கில் இடிக்கப்பட்டன, துறவிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். செங்கிஸ்கானின் பெயரைப் பெருமையாகச் சொல்லக்கூட முடியாத காலம் அது. 1990க்குப் பிறகு மரபுகள் வெளிச்சத்துக்கு வந்தன. மல்யுத்தம், குதிரைப் பந்தயம், வில்வித்தை கொண்ட நாதம் திருவிழாவை யுனெஸ்கோ 2010இல் தன் பட்டியலில் சேர்த்தது. அதைக் காண வெளிநாட்டவர் திரளாகப் போகிறார்கள். ஆனால் அந்த விழா பயணிகளுக்காக ஏற்பட்டதல்ல. ஜூலையில் மங்கோலியர் தமக்காகக் கூடுகிறார்கள், பயணி அதில் விருந்தாளி. கிராமப்புறத்தில் பல மேய்ப்பர் குடும்பங்கள் தம் கூடாரத்திலேயே பயணிகளைத் தங்கவைத்து வருமானம் பார்க்கின்றன. 1992இல் வந்த அரசியலமைப்பு மேய்ச்சல் நிலத்தைத் தனியாருக்கு உடைமையாக்குவதைத் தடுத்திருக்கிறது. சுரங்கங்களால் அங்கேயும் மேய்ப்பர்களுக்குத் தொல்லை உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. என்றாலும், காலுக்குக் கீழே உள்ள புல்வெளியில் தன் பாத்தியதை பற்றி அந்த மேய்ப்பருக்குச் சந்தேகம் இல்லை. அந்தத் தெம்பு இருப்பதால்தான் அந்நியரை வாங்க, உட்காருங்கள் என்று அவரால் சொல்ல முடிகிறது.

கல்வராயனில் அந்தத் தெம்புக்கு இன்னும் வழி செய்யவில்லை. தன் வீடு நிற்கும் இடத்துக்கே காகிதம் இல்லாதவர் பயணிக்கு எப்படி அறை விடுவார், எந்த வங்கி அவருக்குக் கடன் தரும்? நிலம் உறுதியாகாமல் சுற்றுலா மட்டும் வளர்ந்தால், கீழேயிருந்து பணத்தோடு வருபவர் விடுதி கட்டுவார். மலைவாசி அதில் பாத்திரம் கழுவுவார். சேர்வராயன் அந்தப் பாடத்தை முன்பே நடத்திக் காட்டிவிட்டது.

மலையாளிகளிடம் பயணிக்குக் காட்ட நிறைய இருக்கிறது. சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும், தானியக் குதிரும், மலைத்தேனும், பொங்கலில் மாடுகளோடு நடக்கும் கொண்டாட்டமும், ஊர்க் கவுண்டர் முன் கூடி வழக்குத் தீர்க்கும் முறையும் இன்னும் முழுதாக அழியவில்லை. எதைக் காட்டுவது, எதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள். கரிராமன் கோயில் திருவிழாவைக் கோடை விழா மேடைக்கு ஏற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அதே மேடையில் சாமை விற்கவும், மலையின் கதையை மலைக்காரரே சொல்லவும் இடம் தருவதைக் கட்டாயம் கேட்பேன்.

அரசு அடுத்த கோடை விழாவுக்குத் தொகை ஒதுக்குமுன் மூன்று காரியங்களைச் செய்யட்டும். வன உரிமைச் சட்டப்படி நிலுவையில் உள்ள மனுக்களைத் தீர்த்துப் பட்டா வழங்கட்டும். அருவிக்கும் படகுக்கும் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தந்தக் கிராம சபைக்குப் போகட்டும். தங்கும் வீடுகளும் வழிகாட்டும் வேலையும் மலைவாசிக் குடும்பங்களுக்கே முதலில் கிடைக்கும்படி விதி எழுதட்டும். மலைக்குப் போகும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை கரியாலூருக்குப் போனால் சோற்றுப் பொட்டலத்தைக் கீழேயிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள். மலைக்காரர் வீட்டில் கேட்டு, காசு கொடுத்து, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.