கிராங்க் மாத்தினா போதுமா?

"சிசி ஏத்தணுமா? பெரிய எஞ்சின் கிராங்கைத் தூக்கிப் போடு மச்சி!" புதுவாயல் டீக்கடையில் நாலு மெக்கானிக்கல் பசங்க கூடினால் இதுதான் பேச்சு. போடலாம் மக்களே, கணக்கு தெரிந்தால்.

நம்ம திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் லான்சர் தயாரிக்க ஆரம்பித்ததே, அதற்கு வெளிநாட்டில் ஒரு முரட்டு அண்ணன் உண்டு: லான்சர் இவோ. 2007 வரை அதில் இருந்தது 4ஜி63 எஞ்சின். ஸ்ட்ரோக் 88 மிமீ. அதே குடும்பத்து 4ஜி64-ல் 100 மிமீ. கனெக்டிங் ராட் இரண்டிலும் 150 மிமீதான், ஆனால் 64-ன் பிளாக் 6 மிமீ உயரம். அந்தக் கிராங்கை 63-ல் போட்டால் பிஸ்டன் பிளாக்குக்கு மேலே 6 மிமீ நீட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் ஹெட்டோடு மோதல்தான்!

அதற்கு, கட்ஜன் பின் துளை 6 மிமீ மேலே தள்ளிய பிஸ்டன் வேண்டும். 1997 சிசி சுமார் 2270 ஆகும். ராட் கூடுதலாகச் சாய்ந்து சிலிண்டர் சுவரைத் தேய்க்கும் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

காசு மிச்சம் என்று பழைய பிஸ்டன் தலையைச் சீவுவது இருக்கிறதே, அது கொலை. மெலிந்த தலை சூட்டில் ஓட்டை விழும்.

லேபில் எஞ்சினைப் பிரித்து மாட்டினால் மார்க். ஒருநாள் வெர்னியரைக் கையில் கொடுத்து, இந்தக் கிராங்க் அந்த பிளாக்கில் சேருமா என்று கேட்கட்டுமே!