எலிவால் சடையும் அழகே!

காலை மணி அடிக்குமுன் பள்ளி வாசலில் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. ஒன்றாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, அவிழ்ந்த ரிப்பனைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டு நிற்பாள். "எலிவால்" என்று தோழியர் சிரிப்பர். மறுநாள் அம்மா இன்னும் இறுக்கிப் பின்னி, மடித்துக் கட்டி அனுப்புவார். நெற்றித் தோல் இழுபட்டு, குழந்தையின் கண் கலங்கும்.

இறுக்கினால் மெல்லிய முடி அடர்த்தியாகுமா? ஆகாது, உதிரத்தான் செய்யும். இறுகக் கட்டிய கொண்டையால் கிரீன்லாந்துப் பெண்களின் நெற்றியோர முடி உதிர்ந்ததை 1907-லேயே மருத்துவர் ஒருவர் எழுதி வைத்தார்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் பல கிணறுகளில் உப்புத் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது. பிசுக்காக முடியில் ஒட்டிச் சிக்கு விழும். ஆகவே சீயக்காயே நல்லது. தலை காய்ந்தபின், நுனியிலிருந்து தொடங்கிச் சிக்கெடுத்து, காதுக்குக் கீழே தளர்வாக இரட்டைச் சடை பின்னி, ரப்பர் வளையத்துக்குப் பதில் ரிப்பன் கட்டலாம். அதுவும் நில்லாவிட்டால், காது மடல் வரை வெட்டி ஒரு கிளிப் போட்டால் போதும். முடி மாதம் சுமார் 1 செ.மீ. வளரும், வருந்த வேண்டாம்.

மடித்துக் கட்டிய சடை ஒழுங்கின் அடையாளம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிஞ்சுக்குச் சுத்தமாக வாரிய தலையே ஒழுங்கு அன்றோ? கீழ்வகுப்புகளில் தளர்ந்த சடைக்கும் குட்டை முடிக்கும் இடமளிக்குமாறு அருட்சகோதரிகளையும் தாய்மாரையும் வேண்டுகிறோம். அக்காமாராகிய நாமோ, "எலிவால்" என்ற சொல்லை இன்றே விட்டொழிப்போம்!