வாக்கு வந்தபோது இடைத்தேர்தல் போய்விட்டது

2025 மே 1ஆம் திகதி இங்கிலாந்தின் ரன்கோர்ன் - ஹெல்ஸ்பி தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. தாக்குதல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட தொழிற்கட்சி உறுப்பினர் பதவி விலகியதால் வந்த தேர்தல் அது. முந்தைய ஆண்டு பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெரும்பான்மையில் வென்ற ஆளுங்கட்சி, இம்முறை ஆறே ஆறு வாக்குகளால் தோற்றது. நாட்டை ஆளும் பிரதமருக்கு ஒரு சிறு தொகுதியின் மக்கள் பதவிக் காலத்தின் நடுவிலேயே தீர்ப்பெழுதிவிட்டார்கள்.

இலண்டனில் வாழும் வாசகர்களுக்கு இது புதுமையல்ல. பதுளையில், பசறையில், ஹாலிஎலயில், ஹப்புத்தளையில் கொழுந்து பறிக்கும் மக்களுக்கோ இது வேற்றுலகச் செய்தி. சுதந்திர இலங்கையில் இடைத்தேர்தல் இருந்த காலம் முழுவதும் அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இருக்கவில்லை. வாக்கு வந்து சேர்ந்தபோது இடைத்தேர்தல் இருக்கவில்லை. இதைத் தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

வரலாற்றைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். அவர்களுள் பதுளையில் வென்ற எஸ்.எம். சுப்பையாவும் ஒருவர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அந்த வெற்றிக்குப் பதிலாக வந்தன. 1952இல் மலையகத் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. 1960இலும் 1965இலும் தொண்டமான் சபைக்குச் சென்றது நியமன உறுப்பினராகத்தான். வாக்குப் பெற்று அவர் மீண்டும் வந்தது 1977இல்.

இந்த இடைவெளியில் நாட்டின் ஏனைய மக்கள் இடைத்தேர்தலை எப்படிப் பயன்படுத்தினார்கள்? 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை எதிர்த்துத் தந்தை செல்வா தம் ஆசனத்தைத் துறந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்த பின், 1975 பெப்ரவரியில் காங்கேசன்துறையில் தேர்தல் வைத்தது அரசு. பதினாறாயிரத்துக்கும் அதிகமான பெரும்பான்மையில் மக்கள் பதில் சொன்னார்கள். அதே காலத்தில் மலையகத்தில், 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவுக்குப் பிரித்தனுப்பும் வேலை நடந்துகொண்டிருந்தது. தங்களைப் பற்றிய அந்த ஒப்பந்தத்தைக் குறித்து ஒரு வாக்குச் சீட்டில்கூடக் கருத்துச் சொல்ல அவர்களில் பெரும்பாலோருக்கு வழியிருக்கவில்லை.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு தொகுதி முறையை எடுத்துவிட்டது. இடைத்தேர்தலும் அதனோடு போயிற்று. அரசுக்குத் தேவைப்பட்டபோது மட்டும் ஐந்தாவது திருத்தத்தின் துணையோடு 1983 மே 18ஆம் திகதி 18 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. அதன் பிறகு ஆசனம் வெற்றிடமானால் பட்டியலில் அடுத்தவர் வருவார். மக்களிடம் எவரும் கேட்கமாட்டார்கள். நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன. அதற்குள் கதவு பூட்டப்பட்டிருந்தது.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. பட்டியல் முறை மலையகத்துக்கு நன்மையும் செய்திருக்கிறது. 2010ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்குகள் சிதறியதால் பதுளை மாவட்டத்தில் தமிழர் எவரும் தெரிவாகவில்லை. 2014இல் ஹரின் பெர்னாண்டோ மாகாண சபைத் தேர்தலுக்காகப் பதவி விலகியபோது, பட்டியல் வழியாகத்தான் கே. வேலாயுதம் உள்ளே வந்தார். அன்று பதுளையில் மாவட்டம் தழுவிய இடைத்தேர்தல் வைத்திருந்தால் அந்த ஆசனம் தமிழருக்குக் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது. ஏறத்தாழ ஏழு இலட்சம் வாக்காளரைக் கொண்ட மாவட்டத்தில், ஓர் ஆசனத்துக்கான போட்டியில் சிறுபான்மை வெல்வது அரிது. ஆகவே, பழைய இடைத்தேர்தலை அப்படியே திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்பவர்கள் மலையகத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள்.

நான் கேட்பது இரண்டு.

ஒன்று, எந்தப் பட்டியலில் மக்கள் தெரிவு செய்தார்களோ அந்தப் பட்டியலை விட்டுப் போகிறவர் ஆசனத்தையும் விட்டுப் போகவேண்டும். 2020 ஓகஸ்டில் ஐக்கிய மக்கள் சக்தியின் பட்டியலில் பதுளையில் வென்ற அ. அரவிந்தகுமார், அதே ஆண்டு ஒக்டோபரில் 20ஆவது திருத்தத்துக்கு ஆதரவாகக் கையுயர்த்தினார். 2022இல் இராஜாங்க அமைச்சரானார். ஆசனம் அவரிடமே இருந்தது. அவருக்கு வாக்களித்த தோட்ட மக்களுக்கு எந்த நிவாரணமும் இல்லை. கட்சி மாறுவோர் பதவியிழக்கும் ஏற்பாடு அரசியலமைப்பில் இருக்கிறது. அது நகரும் வேகத்தைத்தான் பாருங்கள். 2022இல் அணி மாறிய ஹரின் பெர்னாண்டோவின் கட்சி நீக்கம் செல்லும் என்று உயர் நீதிமன்றம் கூறியது 2024 ஓகஸ்டில். பாராளுமன்றத்தின் ஆயுள் அப்போது முடியும் தறுவாயில் இருந்தது. இத்தகைய வழக்குகள் மூன்று மாதங்களில் முடியவேண்டும். அடுத்தவர் அதே பட்டியலிலிருந்து வரவேண்டும். இதில் தமிழ் ஆசனம் பறிபோகும் ஆபத்தும் குறைவு.

இரண்டு, மாகாண சபைத் தேர்தல் உரிய நாளில் நடக்கவேண்டும். 2014 செப்டெம்பர் 20ஆம் திகதி நடந்த ஊவா தேர்தலை நினைவிருக்கிறதா? 2009இல் 72 வீதம் பெற்ற ஆளுங்கூட்டணி 51 வீதத்துக்குச் சரிந்தது. நான்கு மாதங்களுக்குள் மகிந்த ராஜபக்ஷ ஜனாதிபதித் தேர்தலில் தோற்றார். இந்நாட்டில் இடைத்தேர்தலின் வேலையைச் செய்த தேர்தல் அது. அந்தச் சபையின் காலம் 2019 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் ஊவா மக்கள் மாகாண சபைக்கு வாக்களிக்க அழைக்கப்படவில்லை.

இது வெறும் சட்ட விவாதமல்ல. அந்த ஊவா தேர்தல் முடிந்து நாற்பது நாள்கூட ஆகாத நிலையில், 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. அது ஆபத்தான இடமென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் மக்கள் அங்கேயே விடப்பட்டிருந்தார்கள். நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்ற கூலிக் கோரிக்கை 2015இலேயே எழுந்தது. வர்த்தமானியில் ஏறியது 2021 மார்ச்சில். வாக்குக் கேட்கும் நாள் ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்றால், வாக்குறுதிகளும் அந்த வேகத்தில்தான் நகரும்.

2024 நவம்பரில் பதுளை மக்கள் பழைய முகங்களை விலக்கி, தேசிய மக்கள் சக்தியில் கிட்ணன் செல்வராஜையும் அம்பிகா சாமுவேலையும் தெரிவு செய்தார்கள். இவர்கள் இருவரும் செய்யக்கூடிய முதற்பணி ஒன்றுண்டு. ஊவா மாகாண சபைத் தேர்தலுக்குத் திகதி கேட்டுச் சபையில் எழுந்து நிற்கட்டும். தங்கள் கட்சிக்கு அந்தத் தேர்தல் பாதகமாக முடியக்கூடும் என்றாலும் கேட்கட்டும். மலையக மக்கள் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் குறித்த நாளுக்காகக் காத்திருந்தது போதும்.