ஒட்டு வேலை கேவலமா?

தலைப்பைப் பார்த்துவிட்டு, பேரவைத் தேர்தல் ஓட்டைப் பற்றி எழுதிவிட்டான் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். இது ஒட்டு. குறில்! பசை போட்டு ஒட்டுகிற ஒட்டு.

காரின் வெளித்தகட்டைப் பசையால் ஒட்டுவார்கள் என்று சொன்னால் நம்மில் பாதிப்பேர் சிரிக்கிறோம். "என்னடா, சினிமா போஸ்டரா?" என்று கேட்கிறோம். வெல்டிங் என்றால் மரியாதை, ரிவெட் என்றால் நம்பிக்கை, பசை என்றால் கேலி. ஆட்டோமொபைல் படிக்கிற நாமே இப்படிச் சிரித்தால் அருப்புக்கோட்டை டிங்கர் பட்டறை அண்ணாச்சியைக் குறை சொல்லி என்ன பயன்? பழைய காரில் ஒட்டிய பாகம் உடைந்தால், ஒட்டியே மாற்றவேண்டும்; அதை ஒரு டிப்ளமோ மாணவன் தன் கையாலேயே செய்யலாம். இதுதான் என் கட்சி. அதற்கு ஒரு எல்லையும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், இது ஏதோ வெளிநாட்டு வித்தை இல்லை. பெங்களூரில் சிபானி கம்பெனி 1982-இல் டால்ஃபின் என்று ஒரு கார் விட்டது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரைத் தழுவியது. 848 சிசி எஞ்சின், இரும்புச் சட்டத்தின் மேல் ஃபைபர் பாடி. மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில், அதற்கும் பிறகு. அதே பெங்களூரில் 2001-இல் வந்த ரேவா மின்சாரக் காருக்கும் வெளிப்பாகங்கள் பிளாஸ்டிக்தான். அமெரிக்காவின் கார்வெட் 1953-லிருந்தே ஃபைபர் பாடி. அங்கே பழைய கார்வெட் வைத்திருப்பவர்கள் வீட்டு ஷெட்டிலேயே பேனலைப் பிரித்து ஒட்டுகிறார்கள்.

"குமாரலிங்கபுரத்துல எவன்டா டால்ஃபின் வச்சிருக்கான்?" என்பீர்கள். சரி, மாருதி 800 கதவைத் திறந்து அதன் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். வெளித்தகடு உள்சட்டத்தின் விளிம்பைச் சுற்றி, சேலை ஓரம் மடித்துத் தைத்த மாதிரி, மடிந்து உட்கார்ந்திருக்கும். இன்றைய கார்க் கதவுகளில் பெரும்பாலும் அந்த மடிப்புக்குள்ளே பசைதான் இருக்கிறது. ஆக, ஒட்டு நம்ம ஊர்த் தெருவிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நம்ம பட்டறைகளில் என்ன நடக்கிறது? ஃபைபர் விரிந்தால் துளை போட்டு ரிவெட் அடிக்கிறார்கள், மேலே பட்டி அப்பி, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். வண்டி வெளியே போகும்போது பளபளன்னு இருக்கும். ஆனால் துளை போட்ட இடத்தில்தான் விசை குவியும். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் நாம் எழுதுகிறோமே, அதே கதைதான். கொஞ்ச நாள் ஓடினதும் ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் நட்சத்திரம் மாதிரி விரிசல் கிளம்பும், பட்டி உதிரும். பசை அப்படியில்லை; விசையை அந்தப் பரப்பு முழுக்கப் பங்கு போட்டுக் கொடுக்கும். ஒரே ஒரு குணம், பக்கவாட்டு இழுப்பைத் தாங்குகிற பசை, ஓரத்திலிருந்து உரித்தால் தாங்காது. அதனால்தான் அகலமான விளிம்பு வேண்டும்.

வேலையில் முக்கால்வாசி பசையைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பழைய காருக்குக் கம்பெனிப் புத்தகம் கிடைக்காது. கவலை வேண்டாம், வலது பக்கம் உடைந்திருந்தால் இடது பக்கத்தைப் பாருங்கள். எங்கே மடிப்பு, எங்கே ஒட்டு, எங்கே ஸ்பாட் வெல்டிங், எல்லாம் அங்கே அப்படியே இருக்கும். கதவென்றால் ஓர மடிப்பை மட்டும் கிரைண்டரால் தேய்த்து அறுக்கவேண்டும். உள்விளிம்பில் கீறல் விழக்கூடாது. ஃபைபர் என்றால் சூட்டுக் காற்று அடித்துப் பசையை இளக்கி, மெல்லிய தகடு விட்டு நெம்பவேண்டும். புகை வந்தால் சூடு அதிகம், நிறுத்துங்கள். முகமூடியும் முழுக்கைச் சட்டையும் போடாமல் ஃபைபரைத் தேய்த்தால் ராத்திரி பூரா அரிக்கும், நுரையீரலுக்கும் கேடு.

பிறகு சுத்தம். தூசி தட்டினால் போதாது. கரடான உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோன் நனைத்த புதுத்துணியால் ஒரே திசையில் துடைக்கவேண்டும். சுத்தம்தானா என்று பார்க்கப் பைசா செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். படலமாகப் பரவினால் சரி. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டால் எண்ணெயோ பாலிஷோ இன்னும் இருக்கிறது. அங்கே எந்தப் பசையும் நிற்காது. சோதனை முடிந்தபின் நன்றாகக் காயவைத்து, இரும்பென்றால் அன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.

இங்கேதான் நம்ம கரிசல் சீமை குறுக்கே வருகிறது. டப்பாவில் எழுதியிருக்கிற நேரமெல்லாம் ஏசி ரூம் கணக்கு. இரண்டு டியூப் எபாக்ஸி, சித்திரை வெயிலில் கலக்கிக்கொண்டிருக்கும்போதே கப்பில் இறுகிவிடும். மொத்தமாகக் கலக்கினால் தானே சூடாகி இன்னும் வேகமாக இறுகும். கார்க் கண்ணாடி ஒட்டுகிற ஒற்றை டியூப் பாலியூரித்தேன் இதற்கு நேர்மாறு. அது காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். நம்ம வறண்ட காற்றில் தாமதிக்கும். ஆகவே விடியற்காலையில், தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கி ஒட்டுங்கள். வாசல் தெளிக்கிற அம்மாவுக்குத் தெரிந்த வித்தைதான்! பாலியெஸ்டர் ரெசின் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் கோபால்ட் திரவத்தையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடிக்கும்.

கிளாம்ப்பை முறுக்கோ முறுக்கென்று முறுக்கிப் பசையையெல்லாம் வெளியே பிதுக்குபவர்கள் உண்டு. இடையில் மெல்லிய கம்பித்துண்டுகள் வைத்தால் பசை ஒரே கனத்தில் நிற்கும். கதவென்றால் மடிப்பை ஒரே அடியாக மடக்காமல் டாலி பிடித்து மெல்ல மெல்லத் தட்டி, பசை இறுகும் முன்பே கீலில் மாட்டி, நாலு பக்க இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். கோணலாக இறுகினால் கோணல்தான்.

இனி நான் சொன்ன எல்லை. அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தில் ஒரு 2010 மாடல் ஹோண்டா ஃபிட், நம்ம நாட்டில் ஜாஸ் என்று விற்றார்களே அதுதான், ஆலங்கட்டி மழையில் கூரை நசுங்கியது. கூரையை வெல்டிங் செய்துதான் மாற்றவேண்டும் என்பது கம்பெனி விதி. பட்டறை பசையால் ஒட்டிவிட்டது. அது தெரியாமல் அந்தக் காரைப் பழையதாக வாங்கிய கணவனும் மனைவியும் 2013-இல் விபத்தில் சிக்கினார்கள். கார் நொறுங்கித் தீப்பிடித்தது, இருவருக்கும் பலத்த காயம். 2017-இல் ஜூரி பட்டறை தலையில் கட்டிய தொகை 3 கோடியே 15 லட்சம் டாலர்! "பாத்தியா, பசை ஏமாத்திருச்சு" என்று குதிக்காதீர்கள். வெல்டிங் இருக்கவேண்டிய இடத்தில் பசை போட்டதுதான் குற்றம். ஒட்டவேண்டிய இடத்தில் வெல்டிங் வைத்தால் பக்கத்துப் பசை கருகி, விஷப்புகை கிளம்பி, அதுவும் இதே குற்றம்தான். கதவின் வெளித்தகடு, ஃபைபர் மட்கார்டு, பானெட், இவையெல்லாம் நம் கைக்கு உட்பட்டவை. கூரை, தூண்கள், கதவுக்குள் இருக்கும் மோதல் தாங்கும் கம்பி, இவற்றைத் தெரிந்தவரிடம் விடுங்கள். மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் போகிற வண்டி அது. உள்ளே யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள்.

கேஸ் வெல்டிங்குக்கும் ஆர்க் வெல்டிங்குக்கும் நம் ஷாப்பில் எத்தனை பிற்பகல் நின்றிருக்கிறோம்! ஒட்டுக்கு ஒரு நாள் கூட இல்லை. ரிக்கார்டு நோட்டில் அதற்கு ஒரு படம் கூட வரைந்ததில்லை. ஷாப்புக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு பழைய மாருதி கதவு கிடக்கிறது, கீழ்ப்பாதி நசுங்கியது. கிரைண்டரும் டாலியும் இருக்கின்றன. எட்டு கிளாம்ப்பும் ஒரு செட் எபாக்ஸியும் பேரவை நிதியில் வாங்கித் தந்தால், வரும் கண்காட்சிக்கு முன் நாலு பேர் சேர்ந்து அதற்குப் புதுத்தகடு ஒட்டிவிடுவோம். பிறகு கேலி பண்ணுகிறவர்கள் வந்து ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்க்கட்டும்.