வெட்டிப் பேச்சு என்று யார் சொன்னது?

காலையில் ஐந்து மணிக்கு எழுந்தால் உருப்பட்டுவிடலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. எழுந்ததும் தியானம், அப்புறம் உடற்பயிற்சி, அப்புறம் லட்சியத்தை டைரியில் எழுதுவது... முக்கியமாக, யாரிடமும் வெட்டிப் பேச்சு கூடாது. ராபின் ஷர்மா 2018-ல் 'தி 5 ஏஎம் கிளப்' என்று புத்தகமே போட்டுவிட்டார். அந்த வகைப் புத்தகங்களை அரைகுறையாகப் படித்த தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் கல்லூரி கல்லூரியாக மைக் பிடிக்கிறார்கள். டீக்கடையில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசுகிறவன் எவனாவது ஜெயித்திருக்கிறானா என்று கேட்டுவிட்டு, கைதட்டலுக்காக ஒரு நிமிஷம் நிறுத்துகிறார்கள். கைதட்டலும் விழுகிறது, அதுதான் கொடுமை.

ஐந்து மணிக்கு எழுவது என்ன பெரிய வித்தை? ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு தாண்டி, சதுரகிரி அடிவாரத்துத் தாணிப்பாறைக்குப் போகிற பக்கம் மகாராஜபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே நாலரைக்கே வாசல் தெளிக்கிற சத்தம் கேட்கும். கிளப் கிடையாது, சந்தா கிடையாது. ஆனால் எழுந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு லட்சியம் எழுத மாட்டார்கள். பேசுவார்கள். இப்படி:

"என்ன மதினி, தண்ணி வந்துருச்சா?"

"எங்க... மோட்டார் ரிப்பேராம்ல. மலையப் பாத்தீகளா, மூடிட்டு நிக்குது."

"அப்ப இன்னைக்கு நெல்லக் காயப்போட வேண்டாம். அண்ணன் வேலைக்குக் கெளம்பியாச்சா?"

"மில்லு வேன் இன்னைக்கு அர மணி முந்தி வருதாம். காலை பஸ்ஸு வராதுன்னு வேற பேசிக்கிறாக."

அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகாது. இதற்குள் தண்ணீர் வருமா, மழை வருமா, நெல்லைக் காயப்போடலாமா, வேன் எத்தனை மணிக்கு, பஸ் உண்டா என்று ஐந்து விஷயம் கைமாறிவிட்டது. ஒரு முடிவும் எடுத்தாயிற்று. இதையே கோட்டு சூட்டு போட்டவர்கள் ஏசி ரூமில் உட்கார்ந்து செய்தால் அதற்குப் பெயர் 'மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்'. பரீட்சையில் பத்து மார்க் கேள்வி. கையில் வாளியோடு நின்று செய்தால் வெட்டிப் பேச்சு!

படித்தவர்களும் இந்தப் பேச்சைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியல் அறிஞர் 1923-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு 'ஃபேட்டிக் கம்யூனியன்' என்று பெயர் வைத்தார். நலம் விசாரிப்பது, வானிலை பேசுவது இதெல்லாம் தகவல் சொல்வதற்காக அல்ல, மௌனத்தைக் கலைத்து மனிதர்களை ஒட்டவைப்பதற்காக என்பது அவர் வாதத்தின் சாரம். லண்டனில் இரண்டு கனவான்கள் தொப்பியைத் தூக்கிக்கொண்டு இன்று நல்ல வெயில் என்று சொல்லிக்கொள்வதற்கு இது பொருந்தலாம். இருவருக்குமே வெயில் தெரிகிறது, தெரிந்ததையே சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் "மலை மூடிட்டு நிக்குது" என்பது அந்த ரகம் அல்ல. அது செய்தி.

ஏன் என்று புரிய அந்த மண்ணைப் பார்க்க வேண்டும். மேற்கே சுவர் மாதிரி மேற்குத் தொடர்ச்சி மலை. மலைமேல் கொட்டுகிற மழை ஓடைகளில் பாய்ந்து கீழே வரும். அப்போது அடிவாரத்தில் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். செல்போனில் வானிலை பார்த்தால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இத்தனை சதவீதம் மழை வாய்ப்பு என்று ஓர் எண் வரும். அது ஒரு பரந்த வட்டாரத்துக்கான எண். எந்த ஓடையில் தண்ணீர் வரும் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது.

2015 மே மாதம் அமாவாசைக்குச் சதுரகிரி சுந்தரமகாலிங்கத்தைக் கும்பிட ஆயிரக்கணக்கானவர்கள் மலையேறியிருந்தார்கள். மலைமேல் பெய்த பலத்த மழையில் ஓடைகளில் திடீரென்று காட்டாறு வந்தது. கடக்கப் போனவர்களில் சிலரை அடித்துக்கொண்டு போய்விட்டது. உயிர்கள் போயின, நிறையப் பேர் மலையிலேயே சிக்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. மழை என்றால் மலையேற அனுமதி இல்லை என்று வனத்துறை அறிவிப்பது வழக்கமாயிற்று. காலையில் டீக்கடையில் நாலு வார்த்தை பேசியிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று இங்கே யாரும் கதை விடவில்லை. இயற்கை அப்படி வாக்குக் கொடுப்பதில்லை. ஆனால் அடிவாரத்துக்காரர்கள் விடிந்ததும் முதலில் மலையைப் பார்ப்பதும், பார்த்ததை அடுத்தவரிடம் சொல்வதும் எதற்காக என்று அந்த ஒரு நாள் போதும் புரிந்துகொள்ள. அதைப் பொழுதுபோக்கு என்கிறவர் ஒருமுறை மே மாத அமாவாசைக்குத் தாணிப்பாறை வந்து பார்க்கட்டும்.

யானை விஷயமும் இப்படித்தான். இந்தக் காடு 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமும் ஆயிற்று. காட்டை ஒட்டியே தென்னந்தோப்பும் மாந்தோப்பும். ராத்திரி யானை இறங்கினால் விடியும்போது நாலு தென்னை சாய்ந்து கிடக்கும். எந்தத் தோப்பு, எந்தப் பக்கமாகப் போனது, குட்டியோடு வந்ததா என்பதெல்லாம் காலை டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடும். தோட்டத்துக்குத் தனியாகப் போகிறவருக்கு அது தேவை. "எங்குட்டு மாமா கெளம்பிட்டீக?" என்ற கேள்விக்கு அங்கே ஒரு காரணம் இருக்கிறது. அவர் எந்தப் பக்கம் போனார் என்று குறைந்தது ஓர் ஆளுக்காவது தெரிந்திருக்கும். நகரத்தில் அதே கேள்வியைக் கேட்டால் பிரைவசி போச்சு என்று முகம் சுளிப்பார்கள்!

இந்தப் பேச்சுக்கு மரியாதை இல்லை என்பவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியான ஆண்டாளை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. திருப்பாவை முப்பது பாட்டு. பக்தி இலக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் நடப்பது என்ன? மார்கழி விடியற்காலையில் ஒரு பெண் வீடு வீடாகப் போய்த் தோழிகளை எழுப்புகிறாள். பறவை கத்திவிட்டது, தயிர் கடைகிற சத்தம் கேட்கிறது, கிழக்கு வெளுத்துவிட்டது, எருமைகள் மேயக் கிளம்பிவிட்டன, இன்னுமா தூக்கம் என்று கேட்கிறாள். நாலாவது பாட்டு முழுக்க மழை. கடலில் புகுந்து நீரை மொண்டு, மேலே ஏறி, கறுத்து, மின்னி, இடித்து, பெய்கிற கதை. வானிலை, வீட்டு வேலை, மாட்டு வேலை, எங்கே கிளம்புவது... அத்தனையும் உண்டு. ஊருக்கே பெருமை சேர்த்த கவிதை வாசற்படிப் பேச்சை எடுத்துக்கொண்டுதான் நடக்கிறது. அந்தக் கோபுரத்தைத்தான் அரசு முத்திரை என்கிறார்கள், அந்தப் பேச்சை மட்டும் வெட்டி என்கிறார்கள் :-)

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். காமர்ஸ் படிப்பவர்களுக்கு அதுதானே பிடிக்கும்.

ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் கேரள மீனவர்களைப் பற்றி 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு கடற்கரைகளில் 1997 முதல் 2001 வரை செல்போன் வந்தபோது என்ன ஆனது என்பது ஆய்வு. அதற்கு முன் ஒரு கரையில் மத்தி மீனை வாங்க ஆளில்லாமல் கடலில் கொட்டுவார்கள். சில மைல் தள்ளி இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் ஆள் நிற்பார்கள். கரைக்கு வரும் முன்பே நாலு சந்தைக்குப் போன் போட்டு விலை கேட்க முடிந்ததும் கொட்டுவது நின்றது, கரைக்குக் கரை விலை வித்தியாசம் சுருங்கியது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது. ஊரே லாபம்! உலகம் இதைச் செல்போனின் வெற்றி என்று கொண்டாடியது. செல்போனில் அவர்கள் பேசியது என்ன? இன்னைக்கு அங்கே என்ன ரேட்டு என்ற காலைப் பேச்சுதானே?

மகாராஜபுரத்து டீக்கடையில் "சுந்தரபாண்டியம் பக்கம் காய்க்குக் கூடக் குடுக்கானாம் அண்ணாச்சி" என்று ஒருவர் சொல்லும்போது நடப்பதும் அதேதான். அது காதில் விழாத சின்ன விவசாயி வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டுவார். நடவுக்கு எங்கே என்ன கூலி, எந்த மில்லில் ஆள் எடுக்கிறார்கள், எந்த மில்லில் சம்பளத்தை இழுத்தடிக்கிறார்கள் என்பதும் இப்படித்தான் பரவுகிறது. கூலிக்குப் போகிற பெண்கள் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தால் யாருக்கு லாபம்? வெட்டிப் பேச்சை நிறுத்து என்ற உபதேசம் பெரும்பாலும் கூலி கொடுக்கிற பக்கத்திலிருந்தே வருவது தற்செயலா?

காசைவிடப் பெரிய கணக்கு ஒன்றும் இருக்கிறது. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் வெப்ப அலை வீசி 700 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நிறையப் பேர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியலாளர் 2002-ல் இதைப் பற்றி எழுதிய புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்து இரண்டு ஏழைப் பேட்டைகளை ஒப்பிட்டார். ஒன்றில் லட்சத்துக்கு 40 என்ற கணக்கில் சாவு, அடுத்ததில் 4. வெயில் இரண்டுக்கும் ஒன்றுதான். இரண்டாவதில் கடைத்தெரு நெரிசலாக இருந்தது, கிழவர் கிழவிகள் தைரியமாக வெளியே வந்தார்கள், நாலு பேர் முகத்தைப் பார்த்தார்கள். முதலாவதில் கடைகள் மூடி, தெரு காலி, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். "ஏன் ஆத்தா, இன்னும் வாசல் தெளிக்கல?" என்று கேட்க ஆளில்லை. நம்மூரில் மகனும் மகளும் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் கிழவிக்கு அந்தக் கேள்விதான் தினசரி ஹெல்த் செக்கப்.

உடனே ஒரு ஆட்சேபம் வரும். ஊர்ப் பேச்சு என்றால் புறணியும்தானே, யார் மகள் யாரோடு பேசினாள் என்ற வம்பும்தானே என்று. உண்மைதான், அந்த விஷம் உண்டு. ஆனால் ஆண்கள் டீக்கடையில் பேசினால் அரசியல், பெண்கள் குழாயடியில் பேசினால் புறணி என்று யார் பிரித்தது? டீக்கடை பெஞ்சில் ஓடுகிற வம்பு குழாயடிக்குச் சற்றும் குறைந்ததல்ல.

அந்த பெஞ்சுக்கே ஒரு அசிங்கமான கதையும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் தலித் மக்களுக்கு டீக்கடையில் தனிக் குவளை, பெஞ்சில் உட்கார அனுமதி இல்லை. சட்டம் 1950-லேயே தீண்டாமையை ஒழித்துவிட்டது, இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் பல பத்தாண்டு ஓடியது. பெஞ்சில் உட்காருவதற்காக அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். இங்கேதான் வெட்டிப் பேச்சு வாதம் மொத்தமாக உடைகிறது. அந்தப் பேச்சுக்கு மதிப்பே இல்லையென்றால் அந்த பெஞ்சுக்கு ஏன் அவ்வளவு காவல்? விலையும் கூலியும் வேலையும் அங்கேதான் முதலில் தெரியவரும். யார் அங்கே உட்காரலாம் என்று தீர்மானிக்கிறவன்தான் ஊரை ஆள்கிறான். விலக்கி வைத்தவர்களுக்கு அதன் விலை நன்றாகவே தெரிந்திருந்தது.

இப்போது அந்த இடத்தில் வாட்ஸ்அப் வந்து உட்கார்ந்திருக்கிறது. ரோஜாப்பூ, சூரிய உதயம், நடுவில் 'இனிய காலை வணக்கம்'. 2018 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு செய்தி போட்டது. இந்தியர்களின் போன்கள் ஏன் அடிக்கடி உறைந்துபோகின்றன என்று கூகுள்காரர்கள் ஆராய்ந்தபோது, கோடிக்கணக்கான குட்மார்னிங் படங்கள்தான் இடத்தை அடைப்பதாகக் கண்டுபிடித்தார்களாம். மாலினோவ்ஸ்கி சொன்ன தகவலற்ற பேச்சு உண்மையில் இதுதான்! இந்த ரோஜாப்பூவுக்குப் பதில் சொல்லாத கிழவியை யாரும் தேட மாட்டார்கள், இரண்டு நீலக் கோடு விழுந்ததா என்றுகூடப் பார்க்க மாட்டார்கள்.

அதற்காகப் பழையபடி எல்லோரும் தெருக்குழாயில் குடத்தோடு வரிசையில் நில்லுங்கள் என்று சொல்வது அயோக்கியத்தனம். 2019-ல் ஜல் ஜீவன் திட்டம் வந்தபின் வீட்டுக்கு வீடு குழாய் என்று வேலை நடக்கிறது. நல்லது, பெண்களின் இடுப்பு பிழைத்தது. ஆனால் குழாயடி போனால் அவர்கள் நின்று பேச ஊரில் பொது இடம் எது? ஆண்களுக்கு டீக்கடை இருக்கிறது, ஆலமரத்தடி இருக்கிறது. பெண்களுக்கு மிச்சம் இருப்பது பஸ் ஸ்டாப்தான். 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபிறகு ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் வேலைக்கும் படிப்புக்கும் போக அவர்கள் கூடுகிற இடம் அது. கிராமத்து ஸ்டாப்புகள் பலவற்றில் நிழற்குடை இருந்தால் உட்காரத் திண்டு இருக்காது. திண்டு இருந்தால் அதில் ஆம்பளைகள் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூப்பிட ஆகும் செலவில் பத்துப் பேர் உட்காருகிற மாதிரி ஒரு சிமென்ட் திண்டு கட்டலாம், மலை தெரிகிற பக்கம் பார்த்து.